தளத்தைச் சரிசெய்த பிறகே மாடித் தோட்டம்: ஆனி முதல் மாசி வரை வீட்டில் செய்ய வேண்டியவை

தாம்பரத்துக்கு அருகில் 20 ஆண்டுகளுக்கு முன் கட்டிய தனி வீடு, தட்டோடு (தட்டையான சுடுமண் ஓடு) பதித்த ஏறத்தாழ 1,000 சதுர அடி மொட்டைமாடி, படுக்கையறைக் கூரையின் ஒரு மூலையில் ஈரக் கறை. வரும் ஆடியில் 40 பைகளில் காய்கறித் தோட்டம் தொடங்கலாமா, அதனால் தளம் கெட்டுவிடுமா, மழைக்கு முன் வேறு எந்தச் சிறு வேலைகளை முடிக்க வேண்டும், எவற்றை ஆள் வைக்காமல் நாமே செய்துகொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தோட்டத்தைத் தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் தளத்து வேலை முழுவதும் முடிந்த பிறகே முதல் பை மாடிக்கு ஏற வேண்டும். இந்த வரிசை மாறினால் இரண்டும் கெடும்.

காரணம் நம் மழையின் இயல்பிலேயே இருக்கிறது. சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. ஆடியில் விதைத்த செடிகள் அப்போது காய்ப்பில் இருக்கும். கூரை ஒழுகுகிறது என்று ஐப்பசியில் தெரியவந்தால், காய்த்து நிற்கும் பைகளை நகர்த்தவும் மனம் வராது, ஈரத் தளத்தில் பூச்சும் சரியாக ஒட்டாது. ஆகவே தை வரை பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. அக்கினி நட்சத்திரம் முடிந்து ஆடி பிறப்பதற்கு இடைப்பட்ட வாரங்கள்தாம் தளத்து வேலைக்கு ஏற்றவை. கத்திரி வெயிலில் சிமென்ட் பூச்சு வேகமாக உலர்ந்து வெடித்துவிடும். ஆவணிக்குப் பிறகோ மாலை இடிமழை அடிக்கடி குறுக்கிடும்.

முதலில் அந்தக் கறை எங்கிருந்து வருகிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். மழை பெய்த மறுநாளோ இரண்டாம் நாளோ கோட்டைத் தாண்டிப் பரவினால் தளத்தில் குறை இருக்கிறது. மழையே இல்லாத வாரத்திலும் பரவினால், மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயையோ தொட்டியின் அடிப்பகுதியையோ சோதிக்க வேண்டும். குழாய்க் கசிவைக் கவனிக்காமல் மாடி முழுவதும் விலை உயர்ந்த பூச்சு அடித்து ஏமாந்தவர்கள் பலர். கறையின் மீது வெள்ளைப் பொடி பூத்திருப்பது நீர் வெகுநாளாகச் சிமென்ட்டின் ஊடே இறங்கிக்கொண்டிருப்பதற்கு அடையாளம். அது உடனடி ஆபத்து அன்று. ஆனால் கான்கிரீட் பெயர்ந்து, உள்ளே கம்பி துருவேறித் தெரிகிறது என்றால் அது நாமே பார்த்துக்கொள்ளக்கூடிய சிறு வேலை அன்று. கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் அந்த மாடியில் ஒரு பைகூட வைக்காதீர்கள்.

குறை தளத்தில்தான் என்று தெரிந்தால், ஒரு காலை வேளையில் கரணையின் கைப்பிடியால் தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். நன்றாகப் பிடித்திருக்கும் ஓடு கெட்டியான ஒலி தரும்; அடியில் கலவையை விட்டுப் பிரிந்த ஓடு பொத்தென்று பொள்ளலாக ஒலிக்கும். பொள்ளலாக ஒலிப்பவற்றின் மீது சாக்கட்டியால் குறியிட்டுக்கொண்டே போங்கள். பிறகு நான்கைந்து வாளி நீரைப் பரவலாக ஊற்றி, அது வடிகுழாயை நோக்கி ஓடுகிறதா, நடுவில் எங்கேனும் குளம் கட்டுகிறதா என்று கவனியுங்கள். கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்லும் இந்தச் சரிவு, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் இரண்டு இடங்கள் வழியாகவே நீர் இறங்குகிறது. ஒன்று, தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை. மற்றொன்று, வடிகுழாயின் வாயைச் சுற்றியுள்ள வட்டம். வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது இந்தச் சந்திப்புகளில்தான் விரிசல் முதலில் விடுகிறது. கைப்பிடிச் சுவர் விரிசலில் அரசோ ஆலோ முளைத்திருந்தால் அதைக் கையால் பிடுங்காதீர்கள். தண்டு மட்டும் ஒடிந்து வர, உள்ளே நிற்கும் வேர் அடுத்த மழைக்கு முன்னிலும் வலுவாகத் துளிர்க்கும். உளியால் பூச்சைச் சற்று அகலமாகக் கொத்தி, வேரை அடிவரை எடுத்துவிட்டு, கலவை வைத்து அடைக்க வேண்டும்.

ஓடுகளுக்கு இடைப்பட்ட இணைப்புகளைச் சரிசெய்வது நாமே செய்யக்கூடிய வேலை. உதிர்ந்துபோன பழைய கலவையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, தூசியைக் கூட்டி, நீர் தெளித்து, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்த கலவையில் நீர்த்தடுப்புத் திரவமும் கலந்து அழுத்தி நிரப்ப வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு இந்த வேலையைத் தொடங்குவது நல்லது. மறுநாளிலிருந்து ஈரச் சாக்கு விரித்து ஏழு நாளாவது நீர் காட்டுங்கள். இந்த ஏழு நாளில் சோம்பியிருந்தால் எவ்வளவு நல்ல கலவையும் மயிரிழை விரிசல் விடும். பொள்ளல் ஓடுகள் ஐந்தாறு என்றால் அவற்றை மட்டும் பெயர்த்து மறுபடி பதிக்கலாம். பாதி மாடியே பொள்ளலாக இருந்தால் கொத்தனாரை அழைப்பதுதான் முறை. கைப்பிடிச் சுவர் மூலையைச் செங்கோணமாக விடாமல், நீர் தங்காதபடி உருட்டிப் பூசச் சொல்லுங்கள். பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன் மீதே இன்னொரு அடுக்கு ஓடு பதித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் கலவையும் ஓடும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 100 கிலோ வரை கூடும். தோட்டத்துக்கு என்று தளம் தாங்கக்கூடிய சுமையில் பெரும் பகுதியை அதுவே தின்றுவிடும். போதாக்குறைக்கு இரண்டு அடுக்குக்கும் நடுவே புகுந்த நீர் வெளியேற வழியும் இராது.

இணைப்புகள் இறுகி, தளம் நன்கு உலர்ந்த பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்கலாம். முதல் கையைக் கிழக்கு மேற்காக இழுத்தால், இரண்டாம் கையைத் தெற்கு வடக்காக இழுக்க வேண்டும். கைப்பிடிச் சுவரிலும் ஓர் அடி உயரம் வரை ஏற்றி அடிக்க வேண்டும். தளத்தில் சிறிதளவு ஈரம் இருந்தாலும் பூச்சு கொப்புளம் விட்டு உரியும். இதை ஒருமுறை அடித்தால் ஆயுளுக்கும் போதும் என்ற நம்பிக்கை வேண்டாம். நடமாட்டம் உள்ள மாடியில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தான் வேண்டும். பூச்சு காய்ந்ததும் வடிகுழாய் வாயைத் துணிப் பந்தால் அடைத்து, இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்டி ஒரு பகல், ஓர் இரவு விட்டுப் பாருங்கள். அந்த உயரத்துக்கு நீரின் எடை சதுர மீட்டருக்கு 25 கிலோதான். கீழே கூரை நனையாமல் இருந்தால் தளம் தோட்டத்துக்குத் தயார்.

இப்போது சுமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தளம் கெடுமா என்ற உங்கள் அச்சத்துக்கு இதில்தான் விடை இருக்கிறது. ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு, இந்தியத் தர விதிகளின்படி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ பயன்பாட்டுச் சுமை கணக்கிட்டு வடிவமைக்க வேண்டும். 24 செ.மீ. சதுர அடியும் 40 செ.மீ. உயரமும் உள்ள வழக்கமான பையை முக்கால் அளவு நிரப்பி நன்றாக நனைத்தால் 20 கிலோவுக்கு அருகில் வரும். நான்கு பைகளை ஒரு சதுர மீட்டரில் வைத்தாலும் 80 கிலோதான். நீங்கள் நின்று வேலை செய்யவும் இடம் மிஞ்சும். 40 பைகளுக்கு உங்கள் மாடியைப் பொறுத்தவரை கவலையே வேண்டாம். கவலைப்பட வேண்டியது, 200 லிட்டர் பீப்பாயை இரண்டாக அறுத்து மண் நிரப்பி வைக்கும் வழக்கத்தைக் குறித்துத்தான். ஒரு பாதியே ஈரத்தோடு 120 கிலோவைத் தாண்டும்; அது கால் சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் அழுத்துகிறது. எலுமிச்சை, மாதுளைக்கு அப்படி ஒன்றிரண்டு கட்டாயம் வேண்டும் என்றால், கீழே சுவரோ உத்தரமோ தாங்கும் கோட்டின் மேல் வையுங்கள். அறையின் நட்ட நடுவிலோ, சன்ஷேடின் மீதோ, வெளியே நீட்டிய பால்கனியின் விளிம்பிலோ வேண்டாம்.

பைகளுக்கு அடியில் தளம் முழுவதும் பிளாஸ்டிக் விரிப்புப் போட வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விரிப்புக்கும் ஓட்டுக்கும் இடையே சிக்கிய நீர் வாரக்கணக்கில் காயாது, எந்த இடத்தில் கசிகிறது என்பதையும் அது மறைத்துவிடும். பைகளைத் தளத்தைத் தொடாமல் உயர்த்தி வைப்பதே சரியான முறை. ஓர் அடி உயர இரும்புத் தாங்கிக்குக் கீழே ரப்பர் மூடி மாட்டினால் துருக்கறை ஓட்டில் படியாது. அதற்கு வசதி இல்லையென்றால் பைக்கு மூன்று செங்கல் போதும். வரிசைகள் வாட்டத்தின் திசையிலேயே ஓடட்டும். குறுக்கே அடுக்கினால் அவையே கரை போல நீரைத் தேக்கும். துடைப்பம் நுழையும் அளவு இடைவெளி இல்லாத தோட்டத்தில் ஒரே பருவத்தில் சேறும் பாசியும் சேர்ந்துவிடும். பந்தலுக்குக் கால் ஊன்ற மாடியில் துளையிடவே கூடாது; பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் குழாயை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றினால் அந்த வேலை முடிந்தது.

மழைநீர் சேகரிப்பும் இதோடு சேர்ந்ததுதான். 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம் என்பதால், உங்கள் வீட்டிலும் அமைப்பு ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கும். அது இயங்குகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் 9,300 லிட்டர் விழும், சிந்தியது சிதறியது போக ஏழாயிரத்துக்குக் குறையாமல் பிடிக்கலாம். ஆவணிக்குள் வடிகட்டும் குழியைத் திறந்து, மேலாக உள்ள மணலை எடுத்து மாற்றி, ஜல்லியையும் கூழாங்கல்லையும் கழுவிப் போடுங்கள். மாடியில் வடிகுழாய் வாய்க்குக் கம்பி வலை அவசியம். வேப்பஞ்சருகும் நார்க்கழிவும் ஒரே மழையில் குழாயை அடைத்துவிடும். தோட்டம் வந்த பிறகு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பைகளிலிருந்து கசியும் நீரில் உரச் சத்தும் தொழுவுரத்தின் நுண்ணுயிர்களும் கலந்திருக்கும். அந்த மாடி நீரைக் குடிநீர்ச் சம்ப்புக்கு (நிலத்தடித் தொட்டிக்கு) நேராக விடாமல், நிலத்தில் இறங்கும் உறிஞ்சுகுழிக்குத் திருப்புங்கள். பைகள் இல்லாத மாடிப்படி அறைக் கூரை, முகப்புக் கூரை ஆகியவற்றின் நீரைத் தனியாகப் பிடித்துச் சம்ப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

தளத்து வேலை ஆனிக்குள் முடிந்தால், ஆடிப் பட்டத்துக்குக் கை ஓய்வாக இருக்கும். மண்கலவைக்குச் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து உதிர்த்ததும் அப்படியே கலந்துவிடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். பிழியும் நீரின் கறுப்பு வெளிறும் வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். கலவையை நிரப்பி, நீர் தெளித்து, பத்து நாளாவது ஆறவிட்டு விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை நாற்று விட்டு நடவும். வெண்டை, கொத்தவரை, அவரை, புடலை, பாகல், பீர்க்கு ஆகியவற்றை நேராக ஊன்றவும். நாற்றழுகலைத் தவிர்க்க, விதையைச் சிறிதளவு சூடோமோனாஸ் அல்லது டிரைக்கோடெர்மா பொடியில் (நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடிகள் இவை) புரட்டி விதையுங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை கிலோ விதைக்கு முறையே 10 கிராம், 4 கிராம். வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை போதும்.

அவரையைப் பற்றித் தனியாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் பந்தல் அவரை பகல் குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றியது ஐப்பசி வரை வெறும் கொடியாகவே ஓடுவதைப் பார்த்துப் பலர் பொறுமையிழந்து பிடுங்கிவிடுகிறார்கள். கார்த்திகையில் பூத்து மார்கழி, தையில் காய்த்துக் குவிக்கும் பயிர் அது. வேண்டிய அளவு கொடி ஓட இடம் விட்டு, காத்திருங்கள். மார்கழிப் பனியில் அதன் கொழுந்தில் கரிய அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்ளும். தொடக்கத்திலேயே நீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளித்தால் அடங்கும். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகித் தேமல் கண்டால் மருந்து தேட வேண்டாம். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய் அது. அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, மற்றவற்றின் நடுவே மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுவதே பயன் தரும்.

புரட்டாசி பிறந்ததும் கவனம் மறுபடி வீட்டின் பக்கம் திரும்ப வேண்டும். பைகளின் அடித்துளையில் குச்சி விட்டு அடைப்பை எடுத்துவிடுங்கள். மழை நாளில் செடிகள் சாவது பெரும்பாலும் வேர் மூச்சுத் திணறித்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது என்ன நடந்தது என்பதை இந்த ஊரில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கைப்பிடிச் சுவர் மீது வைத்த தொட்டி அப்படியொரு காற்றில் கீழே போகிறவர் தலையில்தான் விழும். ஆகவே சுவர் மீது எதையும் வைக்காதீர்கள். புயல் அறிவிப்பு வந்தால் நிழல் வலையை உடனே இறக்கிச் சுருட்டுங்கள். கட்டி வைத்த வலை பாய்மரமாகி, பந்தலையும் பெயர்த்துக்கொண்டு போகும். தரையில் தென்னை இருந்தால் காய்ந்த மட்டைகளையும் முற்றிய குலைகளையும் முன்கூட்டியே இறக்கிவிடுங்கள்; முருங்கையின் உயரக் கிளைகளை வெட்டிக் குறையுங்கள். முருங்கை காற்றுக்கு நிற்காத மரம்.

மற்ற வேலைகள் சிறியவை, ஆனால் தள்ளிப்போடக் கூடாதவை. மின்கசிவுத் தடுப்பான் (RCCB) பெட்டியில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்; உடனே இணைப்பு அறுபட வேண்டும். அறுபடாவிட்டாலோ, வீட்டில் அந்தக் கருவியே இல்லாவிட்டாலோ, முதல் மழைக்கு முன் மின்பணியாளரைக் கொண்டு 30 மில்லி ஆம்பியர் வகையைப் பொருத்துங்கள். மாடியில் நீர் ஊற்றுகிற வீட்டில், மோட்டார் சுவிட்சை ஈரக் கையால் தொடுகிற வீட்டில், மற்றெல்லாவற்றையும்விட இது முந்தியது. தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைக்கும் பழக்கத்தை மழைக்காலத்தில் கைவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்து தேங்கிய நீரில் முட்டையிட்டு, பத்து நாளுக்குள் பறந்துவிடும். அதன் முட்டை காய்ந்த விளிம்பில் மாதக்கணக்கில் உயிரோடு இருப்பதால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். மரக் கதவுகள் மழையில் உப்பி நிலையோடு பிடிக்கும். அப்போது இழைப்புளி போடாதீர்கள். கோடையில் அதே கதவு சுருங்கி, விரல் நுழையும் சந்து விட்டு நிற்கும். உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்து ஒப்பேற்றுங்கள். ஆனால் கதவின் மேல், கீழ் விளிம்புகளுக்குப் பெரும்பாலும் யாரும் வண்ணம் அடிப்பதில்லை. ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. வறண்ட மாதத்தில் கதவைக் கழற்றி அந்த இரண்டு விளிம்புகளுக்கும் இரண்டு கை வார்னிஷ் அடித்துவிட்டால் அடுத்த மழைக்குத் தொல்லை பெருமளவு குறையும்.

தையில் மழை ஓய்ந்ததும் கீரைக்குக் காலம் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த கீரையை மழைத் துளியே அடித்துச் சாய்த்துவிடும். தையில் தூவிய சிறுகீரை, அரைக்கீரை, வெந்தயக்கீரை தெளிவாக வரும். மழையில் உரச் சத்து கரைந்து போயிருக்கும் என்பதால் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் மேலாக இட்டுக் கிளறுங்கள். லிட்டருக்கு 30 மி.லி. பஞ்சகவ்யம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். காய்ப்பு ஓய்ந்த பைகளைக் கொட்டி, வேர்களை நீக்கி, அந்த மண்ணை வெயிலில் பரப்பி மறுபருவத்துக்குப் பயன்படுத்தலாம். தூக்கி எறிய வேண்டியதில்லை. மாசியில் பைகள் குறைந்திருக்கும் அந்த இடைவெளியில், ஓடுகளை மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, நிழல் வலையை ஏற்றுங்கள். பாதி வெயிலை மறைக்கும் 50 விழுக்காட்டு வலை காய்கறிக்குப் போதும். 75 விழுக்காடு நாற்றங்காலுக்குத்தான் பொருந்தும், அதற்குக் கீழே கத்தரியும் மிளகாயும் உயரமாக வளர்ந்து காய் பிடிக்காமல் நின்றுவிடும்.